அப்பாவின் சுத்தியல் போன வழி

முதல் நாள்: பொன்மலை

என் தந்தை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் கொதிகலன் தொழிலாளியாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1939இல் லால்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1957இல் பயிற்சித் தொழிலாளியாகப் பணிமனைக்குள் நுழைந்து, இடையில் சில ஆண்டுகள் குன்னூர் எஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்து, மீண்டும் பொன்மலைக்கே வந்து 1997இல் ஓய்வு பெற்ற அவர், சென்ற ஆண்டு தமது 85ஆம் வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார். தலைத் திவசம் வருவதற்குள் அவர் உழைத்த இடங்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா விரும்பியதால், அவரை அழைத்துக்கொண்டு நான் புறப்பட்ட பயணம் இது. அன்றன்று கண்டதை அன்றன்றே இங்கே எழுதி வைக்கிறேன்.

பொன்மலை, திருச்சி மாநகருக்குள் இருந்தாலும், அங்கே வளர்ந்தவர்களுக்கு அது தனி ஊர். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன்னுடைய பெரிய பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து 1928இல் இங்கே நிலைநிறுத்தியபோது, அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் சந்தையும் உருவாயின. பணிமனையின் சங்குச் சத்தத்தை வைத்தே வீடுகளில் உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் நடந்தன. அப்பாவுக்கோ, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே, அந்தச் சங்கு கேட்காது. ஆயினும் அது ஊதுவதற்குச் சற்று முன்பாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் இப்போது சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு, 1946 செப்டம்பர் 5 அன்று போலீசார் சுட்டதில் உயிர்நீத்த தொழிலாளர்களின் நினைவிடத்துக்குப் போனோம். ஆண்டுதோறும் அந்த நாளில் அப்பா தவறாமல் அங்கே வந்து நிற்பார். எங்களையும் கூட்டிவந்து நிற்க வைப்பார்.

இன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் சந்தை கூடியிருந்தது. காய்கறிக் கூறுகளுக்கும் கருவாட்டுக் கடைகளுக்கும் அப்பால் ஒரு பெண்மணி மண்சட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். சட்டி வாங்க வருகிறவர்கள் அதைக் காதருகில் தூக்கி, விரல் மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். கீறல் விழுந்த சட்டி கணீரென்று ஒலிக்காது. அப்பா இதே சந்தையில் சட்டி வாங்கிய விதத்தை அம்மா எனக்குச் செய்து காட்டினார்: இடக்கையின் ஐந்து விரல்களையும் சட்டியின் அடியில் பரப்பி, வலக்கைக் கணுவால் மேலே ஒரு தட்டு. ஒலியைக் காது கேட்க வேண்டிய இடத்தில், அதிர்வை இடக்கை வாங்கிக்கொள்ளும். அவர் பொறுக்கியெடுத்த சட்டி ஒன்றாவது அடுப்பில் விரிசல் விட்டதில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

மாலையில் அப்பாவோடு பாய்லர் ஷாப் என்ற கொதிகலன் பிரிவில் வேலை பார்த்த மாமா ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவருக்கும் காது கேட்பதில்லை. அம்மாவைக் கண்டதும் எழுந்து, தெருவுக்கே கேட்கும் குரலில், "அண்ணி, வாங்க, வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். அப்பாவின் குரலும் இப்படித்தான் இருக்கும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவர் எந்நேரமும் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணுவார்கள். உண்மையில் அவர் அப்போது, "ராத்திரிக்கு ரசம் போதும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் வேலை எப்படி நடந்தது என்பதை மாமா தம் கைகளாலேயே விளக்கினார். பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகியதும் வெளியிலிருந்து ஒருவர் காற்றுச் சுத்தியலால் அதன் முனையை அடித்துப் பரப்புவார். அடியின் வேகத்தில் ரிவெட் பின்னால் நழுவாதபடி, கொதிகலனுக்குள் குந்தியிருக்கும் இன்னொருவர் 'டாலி' என்ற கனத்த இரும்பை அதன் தலையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியில் இருப்பவருக்குச் சத்தம் கலைந்து போக வானமாவது உண்டு. உள்ளே இருப்பவருக்கு, நாற்புறமும் இரும்பு சூழ, ஒவ்வோர் அடியும் பலமடங்காகத் திரும்பி வரும். ஒல்லியாகவும் குள்ளமாகவும் இருந்த பையன்களையே உள்ளே அனுப்புவார்கள். 18 வயதில் அப்பா அப்படித்தான் இருந்தார். "உங்கப்பா உள்ளே, நான் வெளியே. அடிச்சவன் நான்தான்மா" என்று சொல்லிவிட்டு மாமா சற்று நேரம் பேசவில்லை. அம்மா அவர் கையைத் தொட்டு, காதில் விழாவிட்டாலும் உதடு தெரியும்படி, "அவங்க உங்களை ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லை" என்றார்.

இரண்டாம் நாள்: மேட்டுப்பாளையம் வரை

இன்றைய பயணத்தில் சொல்ல அதிகமில்லை. திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு வழியாகக் கோயம்புத்தூர் வந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையம் சேர்ந்து, நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுத்திருக்கிறோம். குளித்தலை தாண்டும் வரையிலும் காவிரி ஜன்னலுக்கு அருகில் வருவதும் தென்னைகளுக்குப் பின்னால் மறைவதுமாக இருந்தது. கட்டிக்கொண்டு வந்த தயிர்ச் சாதத்தை ஈரோட்டுக்கு முன்பே முடித்துவிட்டோம்.

நேற்று மாமா சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. கொதிகலன் கட்டிய நாடுகளிலெல்லாம் இந்தச் செவிட்டுத்தன்மை அந்தத் தொழிலோடு ஒட்டியே வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886இல் கொதிகலன் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தபோது, இயல்பான செவித்திறன் உள்ளவர் என்று ஒருவரைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. அந்த ஆய்வைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, அந்த நூறு பேருக்கும் வீடு இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருப்பார்கள், இரவில் அந்தப் பிள்ளைகள் அழுதிருப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு வருகிறது.

ஏனெனில் எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினைக்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். என் தம்பி பிறந்த பிறகு அம்மா பல மாதங்கள் உடல்நலம் குன்றிப் படுத்திருந்தார். தம்பி தூளியில் தூங்குவான். இரவில் அழுதால் அப்பாவுக்குக் கேட்காது என்பதால், தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கீழே பாயில் படுப்பார். குழந்தை புரண்டாலே கயிறு இழுபடும், அவர் எழுந்துவிடுவார். அழத் தொடங்குவதற்கு முன்பே பால் புட்டி வாயருகில் வந்துவிட்டதால், "இந்தப் பிள்ளை அழவே அழாதா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்களாம். அதே மாதங்களில் எனக்கும் அக்காவுக்கும் எண்ணெய் வைத்துச் சடை பின்னி விட்டவரும் அவர்தான். அவருடைய உள்ளங்கைக் காய்ப்பில் ரிப்பனின் நூல் சிக்கிக்கொள்ளும். தலைமுடி இழுபட்டு நாங்கள் கத்துவதும் கேட்காதாகையால், அக்கா எதிரில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அதில் எங்கள் முகம் சுளிப்பதைப் பார்த்ததும் அவர் கையைத் தளர்த்துவார்.

தம் தங்கைகள் இருவருக்கும் திருமணம் செய்து வைத்ததும், எங்கள் மூவரையும் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்தக் கைகளின் சம்பாத்தியத்தில்தான். இதை நான் கடமைக்காக எழுதவில்லை. அவருடைய இரு காதுகளையும் செலவழித்துத்தான் நாங்கள் படித்தோம் என்பதை என் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: மலை ரயில்

காலை 7.10க்கு மலை ரயில் புறப்பட்டது. அதற்கு வெகு முன்பாகவே அம்மா நடைமேடையின் பின்கோடிக்குப் போய் எஞ்சினின் பக்கத்தில் நின்றுகொண்டார். இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இருப்பதில்லை. மலை ஏறும்போது பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காளர் நிற்கிறார். முதல் பெட்டியில் நிற்பவர் பச்சைக் கொடியை அசைக்க, அது ஒருவர்பின் ஒருவராகப் பின்னால் இருக்கும் ஓட்டுநரை வந்தடைகிறது. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்ட பாதையில் இன்றும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அப்பா அந்தச் செய்தித்தாள் துண்டைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம். கல்லாற்றைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் கொண்ட இரட்டை இரும்புச் சட்டம் தொடங்குகிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை இது. இரண்டு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவதொரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். இங்கிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வீதம் ஏற்றம் வரும் இடங்கள் உண்டு. பல்லில் சக்கரம் ஏறும் அந்தக் கணத்தில் பெட்டி ஒரு முறை குலுங்கி, பிறகு வேறொரு தாளத்தில் ஓடத் தொடங்குகிறது. அம்மா இருக்கையின் மரச்சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இதை உங்கப்பா சரியாச் சொல்லுவாங்க. கையை வைச்சாலே எந்த ஸ்டேஷன்னு தெரியும்னு சொல்லுவாங்க" என்றார்.

இந்தப் பாதையின் எஞ்சின்கள் 'எக்ஸ்' வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டு, முதலாம் உலகப் போர் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வந்தவை. ஒவ்வொன்றிலும் நான்கு சிலிண்டர்கள். கீழே இருக்கும் இரண்டும் உயர் அழுத்த நீராவியால் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேலே இருக்கும் இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவற்றின் கொதிகலன் படும் பாடு சமவெளி எஞ்சினுக்கு இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். ஏற்றத்தின் அளவு மாறும் இடங்களில் நீர்மட்டம் மீண்டும் இடம் மாறும். நெருப்பு எரியும் அறையான ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு ஒரு கணம் தண்ணீரின்றி நெருப்பில் காய்ந்தாலும் ஆபத்து. அதற்காகவே அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி இருக்கும். தண்ணீர் குறைந்து தகடு மிகையாகச் சூடேறினால் ஈயம் உருகி, நீராவி அந்தத் துளை வழியே நெருப்பின் மேல் சீறி, ஓட்டுநரை எச்சரிக்கும். அந்த ஈயம் தம் கையால் அடைக்கப்பட்டிருந்தால் மட்டுமே இரவு நிம்மதியாகத் தூங்குவேன் என்று அப்பா சொல்லுவார்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று ஒவ்வொரு நிலையமாக ஏறினோம். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பயணிகள் தேநீர் குடித்தார்கள். குரங்குகள் இருவரிடமிருந்தும் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தன. பாலங்களில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். பள்ளத்தாக்கும் அருவிக் கோடுகளும் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நானும் அம்மாவும் திரும்பிப் பார்த்தது, பின்னால் புகையோடு தெரிந்த அந்தக் கறுத்த உருளையைத்தான். அதைப் போன்ற உருளைக்குள்ளே அவர் குந்தியிருந்தார்.

நான்காம் நாள்: குன்னூர்

குன்னூரில் நாங்கள் குடியிருந்தபோது நான் சிறுமி. நினைவில் இருப்பவை குளிரும், கரிப்புகை படிந்த கொடித்துணிகளும், அப்பா கொதிகலன் கதகதப்போடு வீட்டுக்கு வருவதும்தான். குளிர்நாட்களில் அவர் வந்ததும் நாங்கள் ஓடிப்போய் அவருடைய கனத்த கோட்டுக்குள் கைகளை நுழைத்துக்கொள்வோம்.

எஞ்சின் கொட்டகையைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தோம். பொறுப்பாளர் ஒருவர் அம்மாவின் கதையைக் கேட்டு, ஓர் இளம் தொழிலாளியைத் துணைக்கு அனுப்பினார். நல்லவேளையாக ஓர் எஞ்சின் குளிர்ந்த நிலையில் பராமரிப்புக்காக நின்றிருந்தது. கொதிகலனைக் கழுவுவதற்காக அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றியிருந்தார்கள். சுண்ணாம்புப் படிவு கரைந்த வெளுத்த நீர் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் வேலை எது என்பதை என் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் அருகிலிருந்து பார்த்தேன். நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸுக்கு உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று. இரண்டுக்கும் இடையில் சில அங்குல இடைவெளியில் தண்ணீர். கொதிக்கும் நீரின் அழுத்தம் இவ்விரு தகடுகளையும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளிக்கொண்டே இருக்கும். அவை பிதுங்கிப் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்பவை 'ஸ்டே' என்று அவர்கள் சொல்லும் இரும்பு ஆணிகள். வரிசை வரிசையாக, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் இவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளுக்குள்ளேயே முறிந்துபோகலாம். வெளியிலிருந்து பார்த்தால் தலை ஒழுங்காகவே இருக்கும். இதற்காக ஆணியின் முனையில் நடுவாக ஒரு சிறு துளை போட்டு வைப்பார்கள். ஆணி முறிந்தால் அந்தத் துளை வழியாக நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். துளை அடைபட்டுப் போனால் அந்தச் சாட்சியும் இல்லை. அப்போது மனிதன்தான் சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆணியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

துணைக்கு வந்த அந்தத் தம்பி எங்களுக்காகச் சிலவற்றைத் தட்டிக் காட்டினார். நல்ல ஆணி கணீரென்கிறது. முறிந்தது மொத்தென்று ஒலிக்குமாம். காது கேட்காத ஒருவர் இதை எப்படிச் செய்திருக்க முடியும் என்று நான் கேட்டேன். அவர் சுத்தியலை என்னிடம் கொடுத்து, "இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா, லேசாப் பிடிச்சுத் தட்டுங்க" என்றார். தட்டினேன். சுத்தியல் தானாகத் துள்ளி மீண்டு வந்தது. "முறிஞ்சதுல தட்டினா இப்படித் துள்ளாது, அங்கேயே படுத்துக்கும்" என்றார். அப்பாவின் வலக்கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தடித்துப் போயிருந்த காய்ப்பு எதனால் வந்தது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. காதுகள் அடங்கிய பிறகும் அத்தனை ஆண்டுகள் அவர் தட்டித் தட்டிப் பிரித்தறிந்தது அந்த இடத்தால்தான். நேற்று எங்களோடு ரயிலில் வந்தவர்களைப் போல, அந்த ஆணிகளை நம்புகிறோம் என்பதே தெரியாமல் பயணம் செய்த எத்தனையோ பேரைப் பத்திரமாக மலையேற்றியதில் அந்தக் காய்ப்புக்கும் பங்கு உண்டு.

பொன்மலைத் தொழிலாளர்கள் 2011 முதல் இந்தப் பாதைக்காகப் புதிய எக்ஸ் எஞ்சின்களையே கட்டத் தொடங்கினார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை, பிறகு 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்று. அயல்நாட்டில் செய்து வந்ததைப் பழுது பார்த்துப் பார்த்தே முழுதாகக் கட்டும் அறிவைச் சேர்த்துக்கொண்ட பணிமனை அது. அந்த அறிவு பெரிதும் கைமாறிக் கைமாறி வந்தது. அப்பா தமக்குக் கீழே இருந்த பையன்களுக்குக் கொதிகலனின் டியூப் பொருத்தக் கற்றுக்கொடுத்த விதத்தை மாமா சொல்லியிருந்தார்: பேச மாட்டார், பையனின் கைமேல் தம் கையை வைத்து, போதும் என்னும் இறுக்கம் வரும்வரை சேர்ந்தே திருகுவார்.

கிளம்பும்போது, அந்தத் தம்பியின் கழுத்தில் தொங்கிய மஞ்சள் நிறக் காதுக் கவசத்தை அம்மா தொட்டுப் பார்த்தார்.

"இதைப் போட்டா எதுவும் கேக்காதாப்பா?"

"வேலையில கேக்காதும்மா. இதைப் போட்டாத்தான் வீட்டுக்குப் போனா கேக்கும்."

அவருக்குக் குழந்தை இருக்கிறதா என்று அம்மா கேட்டார். ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறாள் என்றார். அம்மா அந்தக் கவசத்தை எடுத்து, தாமே அவர் காதுகளில் சரியாகப் பொருத்திவிட்டு, "கழட்டாதே" என்று சொன்னார். அது அவர் காதில் விழுந்திருக்காது, ஆனாலும் தலையாட்டினார்.

ஐந்தாம் நாள்: உதகமண்டலம்

குன்னூரிலிருந்து டீசல் எஞ்சினில் பயணம். பல்சட்டம் குன்னூரோடு முடிந்துவிடுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை வந்தோம். கேத்தியில் காரட் வயல்கள் அழகாக இருந்தன. உதகையில் அம்மாவுக்கு அவ்வளவாக ஈடுபாடு இல்லை. ஏரிக்குப் போகலாமா என்றதற்கு, "அவங்க வேலை குன்னூரோட முடிஞ்சுபோச்சு" என்றார். நிலையத்துக்கு அருகிலேயே காபி குடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு வர்க்கி ரொட்டி கொஞ்சம் வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் திவசத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போடத் தொடங்கினார் அம்மா. உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று. அடுத்ததாக பாய்லர் ஷாப்பில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் இப்போது இருப்பவர்களை விரல்விட்டு எண்ணினார். அவர்களுடைய எண்களையும் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"நம்பர் எதுக்கு? அவங்க யாருக்கும் காது கேக்காதே. நாமதான் வீடு வீடாப் போய், எதிர்ல நின்னு சொல்லணும்."

அதனால் திருச்சியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், மறுபடியும் பொன்மலைக்கே போகிறோம்.